கண்டுபிடித்தவர் பெயர்

தாமோதரன் வக்கீலானபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் செல்போன் கோபுரங்களில் கருவிகளைப் பொருத்தும் என்ஜினியராக இருந்தார். அவருடைய சீனியர் மெஹருன்னிசா ஏழு வயது இளையவர். தாமோதரன் அவரை மேடம் என்று கூப்பிட்டார். மெஹருன்னிசா இவரை சார் என்றார். யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த வருடம் அவர்களிடம் 'அலைமுகம்' என்ற கம்பெனியின் மீதான வழக்கு வந்தது. கோபுரங்களில் மாட்டும் வயர்லெஸ் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி அது. மலைப்பகுதியில் மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் அறுந்துபோகும். எல்லாக் கம்பெனிக்காரர்களுக்கும் அது பழைய தலைவலி. அலைமுகத்தின் புதிய பெட்டியில் சிக்னல் அறுந்துபோகவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நிர்வாக இயக்குநர் சிவசைலம் டிவியில் சொன்னார். காப்புரிமையிலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. பங்கு விலை மூன்று மடங்கானது. ஓய்வுபெற்ற நர்சுகளும் ஆசிரியர்களும் சேமிப்பை எடுத்து அந்தப் பங்கை வாங்கினார்கள்.

பிறகு சிவசைலம், ஓசூரில் இருந்த ஒரு சிறிய கம்பெனி தன் பெட்டியைக் காப்பியடித்துவிட்டது என்று வழக்குப் போட்டார். அந்தச் சிறிய கம்பெனி பணிந்துபோகவில்லை. இவர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று முதலில் சொல்லட்டும் என்று கோர்ட்டில் கேட்டது.

அந்தக் கேள்வி வந்த வாரமே சிவசைலமும் மூன்று இயக்குநர்களும் சத்தமில்லாமல் தங்கள் பங்குகளை விற்றுவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிவதற்குள் அவர்கள் கரையேறியாகிவிட்டது. முழுகியது மற்றவர்கள். அவர்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மெஹருன்னிசாவிடம் வந்தார்கள்.

கம்பெனித் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதால் அலைமுகம் தன் காகிதங்களை அட்டைப்பெட்டிகளில் அனுப்பியது. நான்காவது பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தாமோதரன் அதை நின்றபடியே பத்துப் பக்கம் வாசித்தார், மீதியில் தேதிகளைப் புரட்டினார், அதோடு இருந்த வேலைக் கோப்பையும் பார்த்தார். பிறகு சீனியரின் அறைக்குள் போனார். கதவைத் தட்டவில்லை.

"மேடம், இதைப் பாருங்க. டெஸ்டிங் பிரிவுல செல்வராணின்னு ஒரு அம்மா. ரெண்டு வருஷ மழைக்காலம் முழுக்க வால்பாறைல நின்னு சோதனை பண்ணியிருக்காங்க. எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கு. காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டதுக்குப் பதினோரு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க."

"ம்."

"ஒன்பது வருஷம் டெம்பரரி. ஒரு அப்பாயின்மென்ட் ஆர்டர்கூடக் கொடுக்கல. காப்புரிமை வந்த மறுமாசம் வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க. கோபுரத்து மேல ஒருநாள் ஏறியிருப்பானா அந்த ஆளு? மழைல நனைஞ்சது ஒருத்தர், மாலை போட்டுக்கிட்டது ஒருத்தர்."

மெஹருன்னிசா குனிந்து நோட்டில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?"

மெஹருன்னிசா மேசைமேல் இருந்த கேஸ் கட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க சார். முதல் பக்கத்துலேருந்து வாசிங்க. வாய்விட்டு."

எண்பத்து நான்கு பக்கம். வாசித்து முடிக்க நான்கு நாள் ஆனது. புரியாத இடங்களில் மெஹருன்னிசா நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

விசாரணை நாளில் சிவசைலம் சாட்சி சொல்ல வந்தார். மெஹருன்னிசா அவரிடம் கேட்டார்:

"மழையில் சிக்னல் ஏன் அறுந்துபோனது?"

"அது டெக்னிக்கல் விஷயம். அதை டீம்தான் பார்க்கும்."

"கண்டுபிடித்தது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"டீமில் ஒருவர் பெயரும் இல்லை."

"தலைமை நான்தானே."

"வால்பாறைக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். "ஒரு தடவை."

"எதற்கு?"

"திறப்பு விழாவுக்கு."

பின்வரிசையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எழுந்துவிட்டார். "இந்தாளு சயின்டிஸ்ட்னு சொன்னதை நம்பித்தாங்க என் புருஷன் பிஎஃப் பணத்தைப் போட்டேன்" என்றார். ஊழியர் வந்து அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்கார வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பதினான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இயக்குநர்கள் நான்கு பேரும் பங்கை விற்றுச் சம்பாதித்ததை முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரவேண்டும். ஓசூர் கம்பெனியின் வழக்கிலும் அந்த நோட்டுப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. மோசடியாக வாங்கிய காப்புரிமை என்று சொல்லிக் கோர்ட் அதை ரத்து செய்தது.

அப்படி ரத்தானால், உண்மையில் கண்டுபிடித்தவர் அதைத் தன் பெயருக்குக் கேட்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. செல்வராணிக்குக் கம்பெனி எந்த ஆர்டரும் கொடுக்காததால், இவருடைய கண்டுபிடிப்பு எங்களுக்குத்தான் சொந்தம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அவர்கள் செய்த அநியாயமே அவர்கள் கையைக் கட்டிவிட்டது என்று தாமோதரன் மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனுவை அவரே எழுதினார். ஒவ்வொரு வரியிலும் அனல் இருந்தது. மெஹருன்னிசா அதை வாசித்துவிட்டு, "அவங்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்க" என்று மட்டும் சொன்னார்.

செல்வராணி பொள்ளாச்சியிலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். மனுவை நிதானமாக வாசித்தார். தாமோதரன் பேனாவை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"தனி ஒருவராகக் கண்டுபிடித்தேன்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமாம்மா."

"பரமு இருக்காருங்களே."

"யாரு பரமு?"

"கோபுரம் ஏறுறவருங்க. தினக்கூலி. இப்பவும் பொள்ளாச்சிப் பக்கம்தான் ஏறிட்டு இருக்காருங்க. முப்பத்தேழாம் பக்கத்துல எழுதியிருக்கனே."

தாமோதரன் நோட்டைப் புரட்டினார். இருந்தது. அவர் வாயாலேயே வாசித்த பக்கம்தான்.

"தண்ணி மேல இருந்து இறங்கலீங்க, கேபிளுக்குள்ள கீழ இருந்து ஊறி ஏறுதுன்னு அவர்தான் சொன்னாரு" என்றார் செல்வராணி. "அதுவரைக்கும் நாங்க எல்லாரும் மேல் மூடியவே மாத்திக்கிட்டுக் கிடந்தோம்."

"அவர் ஒரு தகவல் சொன்னாரு. பெட்டியைச் செஞ்சது நீங்க."

"செஞ்சது நான்தாங்க சார். ஆனா எதைச் செய்யணும்னு தெரிஞ்சது அவராலதான்."

"அம்மா, இது கோர்ட். நாம ஜெயிக்கணும்."

செல்வராணி மனுவை மடிக்காமல் மேசைமேல் வைத்தார். "நீங்க மேடத்தைக் கேட்டுட்டு வாங்க சார். நான் இருக்கேன்."

தாமோதரன் எழுந்து சீனியரின் அறைக்குப் போனார். அவர் முகம் சிவந்திருந்தது.

"மேடம், நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கணும். கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

"என்னவாம்?"

அவர் சொன்னார். மெஹருன்னிசா கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பரமுவுக்கு எந்த ஆதாரமும் கிடையாது மேடம். கம்பெனி வருகைப் பதிவேட்டுல பேரே இல்ல. 'கூலி ஆள் மூன்று'ன்னு போட்டிருக்கான் படுபாவி. இப்ப அவரைச் சேர்த்தோம்னா எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்கும். யார் கண்டுபிடிச்சாங்கன்னு உங்களுக்கே தெரியலையேன்னு கேட்பான். ஒரு பேருன்னா இந்த வருஷமே முடிஞ்சிடும். ரெண்டு பேருன்னா எத்தனை வருஷம் இழுக்குமோ."

"இழுக்கும்."

"இவ்வளவு அக்கிரமம் பண்ணவன் தப்பிச்சிடக் கூடாது மேடம்."

"கூடாது."

"அப்புறம் என்ன மேடம்?"

"பரமு ஏதாவது கேட்டாரா?"

"அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. வேற ஒரு கான்ட்ராக்டர்கிட்ட இன்னமும் கோபுரம் ஏறிக்கிட்டு இருக்காராம். அவர் எங்க வந்து கேட்கப் போறாரு?"

மெஹருன்னிசா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"செல்வராணியைப் பத்தி சிவசைலமும் இதையேதான் சொல்லியிருப்பார், சார்."

தாமோதரன் திரும்பிக் கதவை நோக்கி நடந்தார்.

வெளியே வந்து செல்வராணிக்கு எதிரில் உட்கார்ந்தார். 'தனி ஒருவராக' என்பதை அடித்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் செல்வராணியின் பெயருக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"பரமுவோட முழுப் பேர் என்னம்மா?"

செல்வராணி யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"தெரியலீங்க சார். கேட்டதே இல்ல."

தாமோதரன் பேனாவை எடுத்துவிட்டார். மனுவைப் பையில் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சிக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஆரம்பித்தார்.