முப்பத்தெட்டுச் சீட்டும் ஒரு தாழ்ப்பாளும்

ஒரு பள்ளிக்கூடம், ஒரு சீட்டு, நான்கு பெண்கள். நால்வரில் ஒருத்தியையும் கெட்டவள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. தொல்லையே அதுதான். பொறுமையாகப் படியுங்கள், முடிவில் உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்.

கடற்கரை ஊர் ஒன்றில் கன்னியர் நடத்தும் பள்ளி அது. தரச்சான்று தரும் குழு திங்கட்கிழமை வருகிறது. அதற்குள் பள்ளி தன் நிறைகுறைகளைத் தானே எழுதி, சுயமதிப்பீட்டு அறிக்கையாகக் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு பகுதி பெற்றோர் கருத்து. தலைமை ஆசிரியை சிஸ்டர் எமரென்சியா பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "பேர் எழுத வேண்டாம். யார் எழுதினதுன்னு நாங்க தேடவும் மாட்டோம். இது என் வார்த்தை."

பெற்றோர்கள் எழுதினார்கள். மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, பிள்ளைகளின் டைரிக்குள் வைத்து அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர்கள் பின்னைப் பிரிக்காமல் கட்டாகக் கட்டி அலுவலகத்தில் சேர்த்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று பேர் பிரிக்க உட்கார்ந்தார்கள். சிஸ்டர், அறிக்கைப் பொறுப்பை ஏற்றிருந்த மெட்டில்டா டீச்சர், பெற்றோர் சார்பில் ப்ரிசில்லா. ப்ரிசில்லாவின் மகள் ஈவ்லின் யு.கே.ஜி. 'பி' பிரிவில் படிக்கிறாள். அன்று பிரித்த கட்டும் அந்த வகுப்புடையதுதான்.

"உங்க கிளாஸ் ஆளுங்க என்ன கவிதை எழுதியிருக்காங்கன்னு பாப்போமா ப்ரிசில்லா?" என்று சிரித்தார் மெட்டில்டா. முதல் சீட்டில், 'போன வருடமும் என் மகன் மேடையில் மரம், இந்த வருடமும் மரம்' என்று இருந்தது. சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார்.

பாதிக் கட்டு தாண்டியதும் மெட்டில்டா ஒரு சீட்டை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். அந்தச் சீட்டில் எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன.

'அழுதால் சாமான் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள். என் குழந்தை இப்போது வீட்டில் எந்தக் கதவையும் மூட விடுவதில்லை.'

இதை எழுதியவள் ப்ரிசில்லாதான். இடது கையால் எழுதியிருந்தாள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது, மேஜையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அது வகுப்புக்குப் போய்ச் சேரும், அதற்கப்புறம் ஈவ்லின் அந்த அறைக்குள் எவ்வளவு நேரம் இருப்பாள் என்பதுதான் அவள் பயம்.

மெட்டில்டா சீட்டுக் கட்டைத் தட்டி அடுக்கினார். "சிஸ்டர், இது ரோல் நம்பர் வரிசையில இருக்கு. டீச்சருங்க கையில எந்தப் பேப்பரைக் குடுத்தாலும் அப்படித்தானே அடுக்குவாங்க! முப்பத்தெட்டுப் பிள்ளைங்க, முப்பத்தெட்டுச் சீட்டு. எண்ணினா யாருன்னு தெரிஞ்சிடும்."

"வேண்டாம் டீச்சர். வார்த்தை குடுத்திருக்கேன்."

"நான் என்ன தண்டிக்கவா கேக்குறேன்? அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு விசாரிக்க வேண்டாமா?" என்று மெட்டில்டா கட்டின் மேல் விரலை வைத்தார். ஆனால் பார்வை சீட்டில் இல்லை, ப்ரிசில்லாவின் முகத்தில் இருந்தது.

ப்ரிசில்லா தண்ணீர் எடுக்க எழுந்தாள். முந்தானை பட்டுக் கட்டு சரிந்து, தரையெல்லாம் சீட்டுகள்.

"ஐயோ, கை தவறிடுச்சு சிஸ்டர்."

"கையா?" என்றார் மெட்டில்டா.

சிஸ்டர் குனிந்தார். அந்தக் கோணல் எழுத்துச் சீட்டை மட்டும் எடுத்து, ஒரு சொல் மாற்றாமல் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். மதிப்பெண் குறையும் என்று தெரிந்தேதான் சொன்னார்.

நான்காமவள் ஆயா அந்தோணியம்மா. டீ கொண்டுவந்தவள், சீட்டைப் படித்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு ஆளைக் காணோம். மூவரும் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து, சிஸ்டரின் மேஜை மேல் ஓர் இரும்புத் தாழ்ப்பாளையும் நாலு திருகாணியையும் வைத்தாள்.

மெட்டில்டா கத்தினார். "யாரைக் கேட்டுக் கழட்டின? எழுதினது பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தா, சாமான் ரூமுக்குத் தாப்பா இல்லாததுல யாருக்கு என்ன நட்டம் டீச்சர்?"

"நிசமா இருந்தா? இப்ப தடயமே போச்சே! யாரைக் காப்பாத்துற நீ? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அந்தோணியம்மா சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஜூன் மாசத்துலேர்ந்து தெரியும்" என்றாள்.

"சரி, சரி. நீ போ" என்றார் சிஸ்டர், அவசரமாக.

கதை இங்கே நிற்கட்டும். கொடுத்த வார்த்தைக்காக எண்ண மறுத்த சிஸ்டர், பிள்ளையைக் கண்டுபிடிக்க எண்ணப் பார்த்த மெட்டில்டா, தன் மகளை மறைக்கச் சீட்டைக் கலைத்த ப்ரிசில்லா, இத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்து இன்று தாழ்ப்பாளைக் கழற்றிய ஆயா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அன்றைய நாளுக்கு ஆயா செய்தது சரி. தடயத்தை அழிக்க நினைப்பவள் அதைத் தலைமை ஆசிரியை மேஜையில் கொண்டுவந்து வைக்கமாட்டாள். சீட்டில் பெயர் இல்லை, ஆனால் அறை எது என்று இருந்தது. அதைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்தி. எழுதியவள் யார் என்பதையே சுற்றிக்கொண்டிருந்த மூவரும், தாழ்ப்பாள் போட்டவர் யார் என்று கேட்கவே இல்லை. தெரிந்தவள் எதிரே நின்றபோது சிஸ்டர் அவளை அனுப்பியும்விட்டார். தேட மாட்டோம் என்று சிஸ்டர் கொடுத்த வார்த்தையை அவராலும் மெட்டில்டாவாலும் விலக்க முடியாது, அது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவளால்தான் முடியும். வெள்ளிக்கிழமை காலை ப்ரிசில்லா ஈவ்லினை வகுப்புக்கு அனுப்பாமல், கையில் பிடித்துக்கொண்டு சிஸ்டர் அறைக்குள் போனாள். "எழுதினது நான்தான் சிஸ்டர். இவளுக்குத்தான் எழுதினேன். இப்ப அந்தோணியம்மாவைக் கூப்பிடுங்க. போட்டது யாருன்னு என் முன்னாடி கேளுங்க" என்றாள்.