இறங்காத கொடி

முன்னொரு காலத்தில், ராஜா கொட்டாவி விட்டால் ஊரே விளக்கை அணைக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒரு மகாராஜாவுக்குத் திடீரென்று பயம் பிடித்தது. சதிகாரர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று தளபதி இடும்பராயர் காதில் ஓதியிருந்தார். யார் பார்த்தது என்று கேட்டால், "கண்ணுக்குத் தெரிந்தால் அவர்கள் என்ன சதிகாரர்கள், மகாராஜா?" என்பார். இதற்கு மேல் என்ன கேட்பது?

அரண்மனை வாசலில் பனை உயரத்துக்குக் கம்பம் நட்டுச் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். கொடி பறக்கும்வரை நாட்டுக்கு ஆபத்து. ஆபத்து இருக்கும்வரை கோட்டை வாசலில் சோதனை. நாலு பேர் சேர்ந்து நின்றால் அது சதி. அதனால் அந்த வருஷம் எல்லையம்மன் திருவிழாவும் நின்றுபோனது. கொடி எப்போது இறங்கும் என்று கேட்ட மந்திரியிடம், "ஆபத்து இல்லை என்று சதிகாரர்களே வந்து சொல்லட்டும், இறக்குகிறேன்" என்றார் தளபதி.

ஊர் முதலில் நடுங்கியது, பிறகு சலித்தது. கோட்டை வாசல் வரிசையில் பாலோடு நின்ற பெண் உள்ளே வரும்போது தயிரோடு வந்தாள். பலாப்பழக்காரரை 'முள் வைத்த ஆயுதம்' என்று பிடித்த காவலர்கள், ஆயுதத்தைச் சுளை சுளையாகச் சோதித்துவிட்டுக் கொட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். போகப் போகக் கொடியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "காக்கா உக்காரக் கம்பம் வெச்சிருக்காங்க" என்று பேச்சானது.

அந்தக் கொடிக்கு இன்னமும் பயந்த ஜீவன் ஊரில் ஒன்றே ஒன்றுதான்: அரசவை விதூஷகன் கிளியப்பன். காக்காய்க் கம்பம் என்ற கேலியைக் கட்டிவிட்டவனே அவன்தான். ஆனாலும் காலையில் ஜன்னல் இடுக்கு வழியே கொடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசலில் கால் வைப்பான். ஒருநாள் கூரையில் ஏதோ குதித்த சத்தத்துக்கு நெல் குதிருக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். மனைவி செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"வெளியே வாங்க. சதிகாரன் பாலைக் குடிச்சிட்டு, மியாவ்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

இப்படி இருக்கையில் மகாராஜா உப்பரிகையிலிருந்து ஊரைப் பார்த்தார்.

"இடும்பராயரே, கொடி பறக்கிறது. ஏன் ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை?"

"கிளியப்பனின் கேலிதான் காரணம், மகாராஜா. கெடுத்தவனே சரிசெய்யட்டும். கொடி வெயிலில் வெளுத்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை என் கையாலேயே புதுக்கொடி ஏற்றுகிறேன். அது ஏறும்போது ஊரார் ஒருவர் விடாமல் தலை நிமிர வேண்டும், கை கூப்ப வேண்டும், வேலையை நிறுத்த வேண்டும். அதன்பின் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தவறினால் கிளியப்பன் எல்லைக் காவல் மேடைக்குத் தனிக் காவலனாகப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா.

எல்லைக் காவல் மேடை முள்காட்டு நடுவே இருந்தது. பேச்சுத் துணைக்குப் பல்லிகள் மட்டும். சதிகாரன் வந்தால் உயிர் போகும். வராவிட்டால் பிழைப்பே போகும். பல்லி எந்த நகைச்சுவைக்கும் சிரிக்காது, உச்சுக் கொட்டும்.

"அடியேனுக்கு ஒரு சந்தேகம், மகாராஜா. அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து கூடலாமா?" என்று கேட்டான் பக்கத்தில் நின்ற கிளியப்பன்.

"நம் ஆணையை நிறைவேற்றக் கூடலாம்."

வீட்டுக்கு வந்தவனைப் பார்த்துச் செங்கமலம் கேட்டாள்: "என்ன, வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி மொகம்?"

"ஊரை நான் பயமுறுத்தணும்டி. என்னைப் பார்த்துக் கோழிகூடப் பயப்படாதே!"

"முந்தாநாள் கோழிதானே உங்களைத் துரத்துச்சு? சரி, பயமுறுத்தணும்னா சொன்னாங்க? சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்க."

"தலை நிமிரணும், கை கூப்பணும், வேலையை நிறுத்தணும், எல்லையைத் தாண்டக்..." கிளியப்பனின் குரல் பாதியில் நின்றது. "அடியே, இதை இந்த ஊர் வருஷா வருஷம் செய்யுதேடி!"

செருப்பைக்கூட மாட்டாமல் எல்லையம்மன் கோயில் பூசாரி வீரணன் வீட்டுக்கு ஓடினான். ஓடும்போதும் கொடியைக் கும்பிட மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. கம்பத்துக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டியிருந்தது. தன் மரியாதைக்குத்தான் என்று நினைத்துத் தளபதி மீசையைத் தடவிக்கொண்டார். கயிற்றை இழுத்தார். கொடி பாதி ஏறியதும் பம்பை அதிர்ந்தது.

"தாயே எல்லையம்மா! கொடி ஏறுதும்மா!" என்று வீரணன் குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். தறி நின்றது, செக்கு நின்றது. நிமிராத தலை இல்லை, கூப்பாத கை இல்லை. வீரணன் மகாராஜாவில் தொடங்கி ஒவ்வொரு கையிலும் மஞ்சள் காப்பு கட்டினார். காப்பு கட்டினவர் கொடி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் சும்மா விடமாட்டாள். கிளியப்பன் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டான்.

பொரிக்கடையும் வளையல்கடையும் முளைப்பதைப் பார்த்துத் தளபதி கத்தினார்: "மோசடி, மகாராஜா! இவர்கள் பயப்படவே இல்லை!"

"தளபதியார் பயத்தைக் கேட்கவில்லையே, மகாராஜா" என்றான் கிளியப்பன். "கேட்டிருந்தால் அடியேன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருப்பேன். மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது."

மகாராஜாவின் முகம் சிவந்தது. "ஊரே பயப்படவில்லை என்றால், இத்தனை நாள் நாம் மட்டுமா பயந்துகொண்டிருந்தோம்? நம்மை வைத்தா விளையாடினாய்? போ எல்லைக்கு!"

கிளியப்பன் கொடியை ஒருமுறை கும்பிட்டான். காப்புக் கைகளை மெல்லத் தூக்கினான். "கட்டாயம் போகிறேன், மகாராஜா. கொடி இறங்கிய மறுகணமே."

மகாராஜா தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மன் விஷயம். "அதுவும் சரிதான். இடும்பராயரே, இந்தக் கொடி எப்போது இறங்கும்?"

தளபதி கொடியைப் பார்த்தார், கிளியப்பனைப் பார்த்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. கொடி பறந்தால் கிளியப்பன் போகமாட்டான். கிளியப்பன் போகவேண்டுமானால்...

"இதோ, இப்போதே இறக்குகிறேன்!" கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. கொடி சரசரவென்று வந்து அவர் தலையை மூடியது. துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "கிளம்படா எல்லைக்கு!"

"கொடி இறங்கிவிட்டதே, தளபதியாரே. அப்படியானால் ஆபத்து இல்லை. ஆபத்தே இல்லாத எல்லையில் அடியேனுக்கு என்ன வேலை?"

மகாராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் தொந்தி. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எத்தனையோ மாதமாக இறங்காத ஆபத்தை ஒரே இழுப்பில் இறக்கிவிட்டீரே, இடும்பராயரே! சோதனைச் சாவடியையும் பிரித்துவிடும். வீரணா, இந்தக் கம்பத்தில் அம்மன் கொடியை ஏற்று. அதையாவது விழா முடிந்ததும் ஒழுங்காக இறக்குவாய்." தன் கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றிக் கிளியப்பன் கையில் பூட்டினார்.

விழா முடிந்து அம்மன் கொடியும் இறங்கியது. மறுநாள் காலை கிளியப்பன் வழக்கம்போல ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். கம்பம் மொட்டையாக நின்றது. கொடியே இல்லாவிட்டால் ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த நேரம் பார்த்துக் கூரையில் ஏதோ தொப்பென்று குதித்தது.

செங்கமலம் வந்து பார்த்தபோது குதிரின் விளிம்பில் பொன் காப்பு மட்டும் பளபளத்தது.

"யாரு குதிருக்குள்ள?"

"நான் இல்லை!"