முன்னால் மாட்ட வேண்டியது

காலை ஆறரை மணிக்கு, முன்பக்கத்தில் ஒன்பது உருப்படிகளை மாட்டிய ஜீப்போடு முனிரத்தினம் கரடிக்கல் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

இரும்புக் குழாயை வளைத்துச் செய்த காப்புக் கம்பி ஒன்று. அதன் நெற்றியில் வட்ட லைட்டுகள் நான்கு. கீழே கொக்கிகள் இரண்டு. நடுவில் ஒரு வின்ச். வண்டி சேற்றில் சிக்கினால் அதிலுள்ள இரும்புக் கயிற்றை இழுத்து ஏதாவது ஒரு மரத்தில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒன்பதாவது, இத்தனைக்கும் கண் பட்டுவிடக் கூடாதென்று கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

கல்யாணப் பெண் நகை பாரத்தில் தலை குனிந்த மாதிரி வண்டி முன்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து நின்றது.

பச்சையம்மாள் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. கரடிக்கல் உச்சியில் இருக்கும் ஊருக்கு ஜீப்பில் ரேஷன் அரிசி ஏற்றிப் போகிறவர். முனிரத்தினத்துக்கு ஐம்பத்து மூன்று. டவுன் பஸ் ஓட்டித் தலை நரைத்தவர். ஆனால் அந்த மலைப்பாதையில் பச்சையம்மாள்தான் வாத்தியார், இவர் மாணவர். இது மூன்றாவது பாடம்.

அவரை “வாத்தியாரம்மா” என்று கூப்பிட முனிரத்தினம் கூச்சப்பட்டதில்லை. கூச்சப்பட நேரமும் இல்லை. மகள் பூங்கோதை உச்சியில் வாழ்கிறாள். அவளுக்கு ஐப்பசியில் பிரசவம். ஐப்பசியில்தான் மழையும். மழை பிடித்துவிட்டால் அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது.

முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடு என்று மகளுக்குச் சொல்லி அனுப்பினார். “என் புருஷனைக் கூப்பிடாத வீட்டுக்கு நான் மட்டும் எப்படி வருவேன்?” என்று பதில் வந்தது. மருமகன் மாதேஷ் அந்த மலையில் பிறந்து வளர்ந்தவன். பூங்கோதை தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முனிரத்தினம் போகவில்லை. அன்றிலிருந்து மருமகனோடு ஒரு வார்த்தை கிடையாது.

ஆகவே ஜீப் வாங்கினார். வலி கண்டதும் யார் தயவும் இல்லாமல் தானே ஏறிப் போய் மகளை இறக்கிக்கொண்டு வருவது என்று தீர்மானம்.

“வாத்தியாரம்மா, எப்படி இருக்கு?”

பச்சையம்மாள் குனிந்து எலுமிச்சம்பழத்தை ஒரு விரலால் ஆட்டிவிட்டார். “இது புதுசா?”

“நேத்துக் கட்டுனது.”

“நல்லா இருக்கு.”

முனிரத்தினம் காத்திருந்தார். மற்ற எட்டைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

“வின்ச் பார்த்தீங்களா? சிக்கிக்கிட்டா எவனையும் வந்து தள்ளுன்னு கூப்பிட வேண்டாம். ஒரு மரம் இருந்தாப் போதும்.”

“மரம் நல்லதுங்கண்ணா. திருப்பிப் பேசாது.”

பாராட்டா, கேலியா என்று அவருக்கு விளங்கவில்லை. நேரடியாகவே கேட்டார்.

“முன்னாடி இன்னும் ஏதாவது மாட்டணுமா? சொல்லிடுங்க, மழைக்கு முன்னாடி முடிச்சிடறேன்.”

“மாட்டணும். ஒண்ணு குறையுது.”

“என்னது?”

“வண்டியை எடுங்க.”

தொட்டிப்பாறை வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. அங்கே பாதை ஓர் ஓடைக்குள் தொப்பென்று இறங்கி, எதிர்க்கரையில் பாறை மேல் செங்குத்தாக ஏறும். முனிரத்தினம் லோ கியரில் இறக்கினார். எதிர்க்கரையை முன்சக்கரம் தொடுவதற்குள் காப்புக் கம்பி போய்ப் பாறையில் மோதியது. டங்கென்று மணி அடித்ததைப் போல மலை முழுக்கக் கேட்டது.

“கம்பி தாழ்ந்துபோச்சு. கழட்டிடவா?”

“எதுக்கு?”

“இடிக்குதே!”

“இடிக்கத்தானே மாட்டியிருக்கீங்க. இருக்கட்டும். நீங்க இறங்குங்க, நான் ஓட்டறேன். முன்னாடி நடந்துபோய் எனக்குக் கை காட்டுங்க.”

இதென்ன தண்டனையா என்று நினைத்துக்கொண்டே முனிரத்தினம் இறங்கினார். அப்போதுதான் எதிர்க்கரைக்கு மேலே, ஒரு பாறையின் மீது ஆள் நிற்பது தெரிந்தது. சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். தோளில் துண்டு, கையில் கொடுவாள்.

பச்சையம்மாளும் பார்த்தார். “யாருங்கண்ணா அது?”

“யாரோ” என்றார் முனிரத்தினம்.

மாதேஷ் அங்கிருந்து அசையவில்லை. இறங்கி வரவும் இல்லை, போகவும் இல்லை.

முனிரத்தினம் வண்டிக்கு முன்னால் நின்று, டிப்போவில் பஸ்ஸுக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் அகலமாக வீசினார். வாயில் பழைய பழக்கம் தானாக வந்தது. “ரைட், ரைட்! வரலாம் வரலாம், ரைட்!”

பச்சையம்மாள் சிரித்தார். “அடுத்த ஸ்டாப்பிங் எதுங்கண்ணா?”

ஆனால் கை காட்டிய பக்கம் இம்மி பிசகாமல் வந்தார். இடது என்றால் இடது. நேர் என்றால் நேர். நாலடி வந்ததும் மேலே பாறையில் நின்றவன் கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினான். நிறுத்து.

முனிரத்தினம் அதைப் பார்த்தார். பார்த்த கண்ணை அப்படியே திருப்பிக்கொண்டு, இன்னும் வேகமாகக் கையை வீசினார். “வரலாம், வரலாம்!”

வண்டி வந்தது. தண்ணீர் மூடியிருந்த ஒரு குழிக்குள் இடது முன்சக்கரம் இறங்கியது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

பச்சையம்மாள் நிதானமாக எஞ்சினை நிறுத்தினார்.

“ஏம்மா, அங்க குழி இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“மேல ஒரு கை தெரிஞ்சுது. கீழ ஒரு கை தெரிஞ்சுது. நான் உங்களைத்தானே முன்னாடி நிறுத்தினேன். உங்க கைப்படி வந்தேன்.”

முனிரத்தினத்துக்குக் காது சிவந்தது. கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று புரியவில்லை. இரண்டும் செய்யாமல் வின்ச் கயிற்றை இழுத்துக்கொண்டு கரைக்கு ஏறினார். பச்சையம்மாள் ஒரு கோணிச் சாக்கை வேங்கை மரத்தைச் சுற்றிக் கட்டி, மரப்பட்டை அறுபடாமல் அதன் மேல் ஓர் அகலமான துணிப் பட்டியைப் போட்டுக் கயிற்றை மாட்டினார். எஞ்சினைக் கிளப்பிப் பொத்தானை அழுத்தியதும் ஜீப் முனகிக்கொண்டே குழியை விட்டு வெளியே வந்தது.

“பார்த்தீங்களா! வேலை செய்யுது!”

“நல்லாச் செய்யுது. அருமையான வின்ச்.”

அப்படியானால் மாட்டியது சரிதான். சரியாக இருந்தால் இந்தப் பாடம் எதற்கு? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதைப் போல இருந்தது அவருக்கு.

“இப்ப நீங்க ஓட்டுங்க. நான் முன்னாடி நடக்கறேன்” என்றார் பச்சையம்மாள்.

இந்த முறை ஏற்றம். பச்சையம்மாள் பின்பக்கமாக நடந்தபடி சுண்டுவிரல் அளவுக்குத்தான் கை காட்டினார். கொஞ்சம் வலது. இன்னும் கொஞ்சம். முனிரத்தினம் அப்படியே திருப்பினார். பாதி ஏற்றத்தில் பச்சையம்மாள் உள்ளங்கையை உயர்த்தினார்.

முனிரத்தினம் முன்னே பார்த்தார். பானெட்டுக்கு அந்தப் பக்கம் பாதை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு ஏறியாகிவிட்டது, இந்த நேரத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும் என்று தோன்றியது. எத்தனை வருஷ ஸ்டியரிங்! ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

பச்சையம்மாள் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார். படாரென்று ஒரு சத்தம். ஜீப் நின்றது. இறங்கிப் பார்த்தால், முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமுனையில் காப்புக் கம்பி உட்கார்ந்திருந்தது. ஒரு லைட் நொறுங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் அறுந்து ஓடைப் பக்கம் உருண்டிருந்தது.

“நிறுத்தச் சொன்னேனே.”

“வழி தெரிஞ்சுதும்மா.”

“பானெட்டுக்கு மேல தெரிஞ்சுது.”

முனிரத்தினம் சீட்டையும் பாறைமுனையையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்க வழியே இல்லை. இருபது லைட் போட்டாலும் தெரிந்திருக்காது.

“சரி. நான் ஒண்ணு கேட்கறேன், சுத்தி வளைக்காம சொல்லுங்க. இந்தக் கம்பி வேணுமா, வேண்டாமா?”

“இருக்கட்டும்.”

“லைட்டு?”

“இருக்கறது மூணும் இருக்கட்டும். மழையில ஆகும்.”

“வின்ச்?”

“அதுதான் நல்ல வின்ச்சுன்னு சொல்லிட்டேனே.”

“பின்னே என்னதான் குறையுது? காலையில ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்க. அதைச் சொல்லுங்க, மாட்டிடறேன்.”

பச்சையம்மாள் நாலு எட்டு கீழே இறங்கி எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்தார். புடவைத் தலைப்பில் துடைத்து, பழைய இடத்திலேயே முடிச்சுப் போட்டுக் கட்டினார். மேலே பாறையில் மாதேஷ் உட்கார்ந்துவிட்டிருந்தான். கொடுவாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மழையன்னிக்கு நான் எந்த மலையில இருப்பேனோ தெரியாதுங்கண்ணா. வண்டிக்குள்ள உங்க பொண்ணு வலியோட படுத்திருக்கும். இதே தொட்டிப்பாறை. தண்ணி இடுப்பளவு.”

“தெரியும். அதுக்குத்தானே இவ்வளவும்.”

“அன்னிக்கு யார் கை காட்டுனா நீங்க நிறுத்துவீங்க?”

முனிரத்தினம் ஓரடி நகர்ந்தார். அவர் காலடியில் லைட்டின் கண்ணாடி நொறுங்கியது. மேலே பாறையைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் வின்ச் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே சுற்றித்தான் இருந்தது.

அக்டோபர் 29-ஆம் தேதி, கனமழைக்கிடையே பூங்கோதையை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் கரடிக்கல்லிலிருந்து இறங்கியது. அன்று மாலை அரசு மருத்துவமனையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வண்டியை ஓட்டியவர் முனிரத்தினம். முன்னால் நடந்தவர் மாதேஷ். தொட்டிப்பாறையில் அவர் மூன்று முறை கையை உயர்த்தினார். மூன்று முறையும் வண்டி நின்றது.