மூன்றாவது வரி

“ஆட்கள் போறாங்கம்மா. ஏன்னு தெரியல” என்றார் தவசிமுத்து.

கோமதியம்மை அவரை உட்காரச் சொன்னார்.

மலையடிவாரத்து மடத்தில் அவர்தான் குரு. வந்திருந்த சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“எங்கேருந்து போறாங்க அண்ணாச்சி?”

“என் இணையதளத்திலேருந்து.”

அந்தத் தளத்தில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கான சமையல் மட்டும்தான் உண்டு. மனைவி செல்லக்கனிக்கு டயாலிசிஸ் தொடங்கிய வருடம் தவசிமுத்து அதை எழுத ஆரம்பித்தார். அவளோடு அலைவதற்காக வேலையை விட்டார். பக்கங்களில் வரும் விளம்பரங்கள் தரும் பணத்தில்தான் அவள் சிகிச்சை நடந்தது.

“பங்குனியில அவளுக்கு வாரம் ரெண்டு தடவைங்கிறது மூணு தடவையாச்சு. விளம்பரத்தக் கூட்டினேன். எங்க போடணும்னு கம்பெனியே பாத்துப் போட்டுக்கிடும். நான் ஒரு பொத்தானைத் தட்டினாப் போதும். ரெண்டு மாசம் நல்லா வந்துச்சு. இப்போ பாதி ஆள் இல்ல.”

“அதனால?”

“இப்படியே போனா ஆவணியோட அவளுக்கு நிறுத்த வேண்டியதுதான்.”

“நிறுத்தினா?”

“பத்து நாள்” என்றார் தவசிமுத்து.



“போனவங்ககிட்ட ஏன் போனீங்கன்னு கேட்டீங்களா?”

“அவங்க எனக்கு ஆளாத் தெரிய மாட்டாங்கம்மா. திரையில ஒரு கோடு. அது இறங்குது. அவ்வளவுதான்.”

“உங்க பக்கத்தைக் காட்டுங்க.”

தவசிமுத்து மடிக்கணினியைத் திறந்தார். வாழைக்காய்க் கூட்டு என்ற தலைப்பும், அதன் கீழே பெரிய எழுத்தில் ஐந்து வரிகளும் இருந்தன. பக்கம் கழுவிவிட்ட தரைபோல இருந்தது.

“இதுல விளம்பரம் எங்க?”

“என் கணினியில தெரியாது. அடைச்சு வச்சிருக்கேன்.”

“ஏன்?”

“சொந்தப் பக்கத்து விளம்பரத்துல நம்ம கை பட்டுட்டா, நாமளே தட்டி ஏமாத்துறோம்னு கணக்க முடக்கிருவாங்க. கை தவறிப் பட்டாலும் கேட்க மாட்டாங்க. இந்தத் தொழில்ல இருக்கிற பாதிப் பேர் இப்படித்தான் அடைச்சு வச்சிருப்பாங்க.”

“அப்போ ஊரெல்லாம் பாக்கிற பக்கத்த நீங்க பாத்ததே இல்ல.”

“பாத்து என்ன செய்யம்மா? பணம் வருதா வரலையான்னு தெரிஞ்சாப் போதாதா?”

குரு சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மடத்தில் சமைக்கும் பேச்சி, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“இன்னைக்கு அண்ணாச்சி எழுதினதப் பாத்துச் சமை. உன் போன்லயே பாரு.”

பேச்சி தலைப்பைப் படித்தாள்.

“எனக்கா கிட்னி கெட்டுப்போச்சு?”

“ஒரு வேளை உப்பில்லாமச் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிராது.”

“நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஊறுகா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நண்பகலில் இலை போட்டாள். வாழைக்காய்க் கூட்டு வைத்தாள். சோற்றின்மேல் ரசம் ஊற்றினாள்.

தவசிமுத்து ஒரு கவளம் சாப்பிட்டார். இரண்டாவது கவளம் பாதியில் நின்றது.

“ரசம் எழுதலையே நான்.”

“காய் வெந்த தண்ணிதான் அண்ணாச்சி. மொளகு தட்டிப் போட்டேன். சத்து பூரா அதுலதான இருக்கு.”

“அதக் கீழ கொட்டச் சொல்லி எழுதியிருக்கேன்.”

“இல்லையே.”

“மூணாவது வரி.”

“மூணாவது வரியே இல்லையே. ரெண்டோட முடிஞ்சிருது.”

தவசிமுத்து குருவைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“காய்ல இருக்கிற பொட்டாசியம் அந்தத் தண்ணியில இறங்கிரும்மா. நமக்கு ஒண்ணும் செய்யாது. கிட்னி போனவங்களுக்கு அது வெளியேறாது. நெஞ்சை நிறுத்திரும். அதுக்காகத்தான் வேகவச்சுக் கொட்டச் சொல்றது. கொட்டலைன்னா இந்தச் சமையலே வேண்டாம்.”

“போனை அவர்கிட்ட குடு பேச்சி” என்றார் குரு.

தவசிமுத்து எச்சில் கையைத் தொடையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

காயை நறுக்கவும் என்றது முதல் வரி. நிறையத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க விடவும் என்றது இரண்டாவது வரி. அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. ‘தொடர்க’ என்று அதில் எழுதியிருந்தது.

தட்டினார்.

டயாலிசிஸ் தேவையில்லை என்று சொல்லும் ஒரு பொடி டப்பா வந்து நின்றது.

திரும்பி வந்தார். பொத்தானுக்குக் கீழே ஒரு பட்டுச் சேலை. அதற்குக் கீழே வீட்டுக் கடன். அதற்குக் கீழே முடி கொட்டிய ஒரு தலை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். பிறகும் ஒரு சேலை. அதையும் தாண்டி, மூன்றாவது வரி இருந்தது.

“நானும் அந்தப் பச்சையத் தட்டினேன்” என்றாள் பேச்சி. “ஏதோ பொடி விக்கிறான். சரி, அவ்வளவுதான் போலன்னு அடுப்பப் பத்தவச்சேன்.”

பேச்சி ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“எப்பலேருந்து இப்படி?” என்று குரு கேட்டார்.

“பங்குனி.”

“இப்போ ஆடி.”

“எடுத்துர்றேன்மா. இப்பவே எடுத்துர்றேன்.”

கணினியைத் தன் பக்கம் இழுத்தார். விசையின்மேல் வைத்த விரல் அங்கேயே நின்றது.

“எடுத்தா செல்லக்கனிக்கு என்ன செய்வேன்?”



குரு வேறொன்று கேட்டார்.

“போனவங்கள்ல ஒருத்தர் பேராவது தெரியுமா அண்ணாச்சி?”

தவசிமுத்து யோசித்தார்.

“பவுனம்மான்னு ஒருத்தங்க. வீட்டுக்காரருக்காகப் பாத்தாங்க. சித்திரையிலதான் வந்தாங்க. இன்னைக்கு இத வச்சேன், அவருக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு வாரம் தவறாம எழுதுவாங்க. ஆனியோட நின்னுபோச்சு. வேற தளத்துக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நம்பர் இருக்கா?”

“இருக்கு. அவங்களே ஒரு தடவ எழுதியிருந்தாங்க.”

“கேளுங்க.”

“வேற யாரையாவது பாத்து…”

“கேளுங்க” என்றார் குரு.

தவசிமுத்து போனில் அழைத்தார். மணி நாலு தடவை அடித்தது. ஐந்தாவதற்கு எடுத்தார்கள்.

“யாரு?”

தவசிமுத்து தன் பெயரையும் தளத்தின் பெயரையும் சொன்னார்.

“சமையல் எழுதுற சாரா? நானே உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன். அவுக ஆனி பத்தொம்பதுல தவறிட்டாக. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் வரல்ல. கோவிச்சுக்கிடாதீங்க.”

தவசிமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“சார், இருக்கீகளா? ராத்திரி நல்லாத்தான் படுத்தாக. விடியுமுன்ன நெஞ்சு நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னாரு. சாப்பாட்டுல எங்கயும் தப்பில்ல சார். நீங்க எழுதினதத் தவிர வேற எதையும் நான் அடுப்புல ஏத்தல. காய் வெந்த தண்ணியக்கூட ஒரு சொட்டு கீழ விடல.”