சூளைக்குப் போகாத பூ

"இதைச் சுடாமலே வைக்க முடியாதா டீச்சர்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"முதல் மழைக்கே கரைஞ்சிடும் ஐயா," என்றார் வெண்ணிலா டீச்சர்.

மாசிலாமணி தன் மண்பூவை மறுபடி ஈரத்துணியால் மூடிவிட்டுப் பஸ் எடுக்கப் போனார்.

அந்த ஊர்க்காரர்கள் துறைமுகத்து மேட்டில் மண்பூக்கள் நட முடிவு செய்திருந்தார்கள். போரில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு பூ. அவரவர் வீட்டு ஆட்களே கையால் செய்ய வேண்டும். சுட்டு, வண்ணம் ஏற்றி, இரும்புக் கம்பியில் பொருத்தி மேட்டில் நிறுத்துவார்கள். சொல்லிக்கொடுக்க வெண்ணிலா டீச்சர் வந்தார். துறைமுகத்துப் பழைய கிடங்கு ஒன்றில் சூளை போட்டார்கள்.

டீச்சருக்கு மாசிலாமணியின் மகள் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். ஆனாலும் அவர் முன்னால் மாசிலாமணி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

ஸ்டியரிங் பிடித்தே காய்த்துப்போன கை அவருடையது. ஆரம்பத்தில் தொட்ட இதழெல்லாம் பிய்ந்து வந்தது. டீச்சர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பிய்ந்ததை உருட்டித் திரும்பவும் அவர் உள்ளங்கையிலேயே வைப்பார்.

மற்றவர்கள் ரோஜா செய்தார்கள், தாமரை செய்தார்கள். மாசிலாமணி பூசணிப்பூ செய்தார்.

அவர் மகள் அரசி, போர்முனை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். காயம்பட்டவர்களை வெளியே தூக்கி வந்துகொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. சின்ன வயதில் மார்கழி வந்துவிட்டால் போதும், கோலத்துக்கு நடுவில் வைக்கப் பூசணிப்பூ வேண்டுமென்று விடியுமுன்னே அப்பாவை எழுப்பி வேலி வேலியாக அலைய வைப்பாள்.

பூ பஸ் ஹாரன் மாதிரி இருக்கிறது என்று கிடங்கில் எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது.

எல்லாப் பூவும் காய்ந்து சூளைக்குப் போயின. அவருடையது மட்டும் போகவில்லை.

தினமும் காலையில் வண்டி எடுக்குமுன் வந்துவிடுவார். துணியை விலக்குவார். தண்ணீர் தெளிப்பார். ஒரு இதழைக் கொஞ்சம் மலர்த்துவார். மறுநாள் அதையே கொஞ்சம் மடக்குவார். முந்தின நாள் வண்டியில் யார் யார் ஏறினார்கள், யார் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள் என்று அதனிடம் சொல்லுவார். பிறகு மூடிவைத்துவிட்டுப் போவார்.

கடைசிச் சூளைக்கு நாள் குறித்தாயிற்று. ஒரு ஆளுக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். டீச்சர் அவரைக் கூப்பிட்டு, பூவில் இன்னும் என்ன குறை என்று கேட்டார்.

மாசிலாமணி நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குறை ஒண்ணும் இல்லை டீச்சர். பச்சை மண்ணா இருக்கிற வரைக்கும், காலையில வந்து அவளுக்கு ஏதாவது செய்யலாம். சுட்டுட்டா எனக்கு என்ன வேலை இருக்கு?"

டீச்சர் கைமண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அவர் முன்னால் வைத்துப் பிரித்தார்.

உள்ளே இருந்ததும் ஒரு பூதான். எப்போதோ பூவாக இருந்திருக்க வேண்டும். தண்ணீர் பட்டுப் பட்டு இதழெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்து கிடந்தது. குளத்தடிச் சேற்றின் வாசனை வந்தது.

"யாருக்கு டீச்சர்?"

"என் வீட்டுக்காரருக்கு. அவரும் அதே போர்லதான் போனாரு."

இத்தனை நாளில் டீச்சர் இதைச் சொன்னதே இல்லை. மாசிலாமணி அந்த மண்ணை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பூ இது?"

"தெரியலை ஐயா," என்றார் டீச்சர். "செஞ்ச எனக்கே இப்போ தெரியலை."

வெளியே துறைமுகத்தில் ஏதோ படகு ஊதிவிட்டுப் போனது.

மாசிலாமணி எழுந்து தன் பூவின் மேலிருந்த துணியை எடுத்தார். இதழ்களின் ஓரத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"வெயில்ல வைக்கணுமா, நிழல்லயா?"

"நிழல்ல. மெதுவாக் காயட்டும்."

ஜன்னல் ஓரத்தில், காற்று வருகிற இடமாகப் பார்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கை தன்னையறியாமல் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அவர் போகவில்லை. திரும்பி வந்து டீச்சருக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தார். சரிந்து கிடந்த பூவைச் சாக்கோடு தன் பக்கம் இழுத்தார்.

"பிசையலாமா?"

டீச்சர் கை சட்டென்று குறுக்கே வந்தது. அந்த மண்ணின் மேல் படிந்து, அப்படியே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தார்.

மாசிலாமணி பிசைந்தார். டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, உள்ளங்கையின் அடியால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி. கட்டி உடைந்து மண் இளகியது. உருண்டையாக்கி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அவருக்கு என்ன பூ பிடிக்கும்?"

டீச்சர் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"பூ பக்கத்துல போனாலே அவருக்குத் தும்மல் வரும். எங்க கல்யாணத்தன்னிக்கு மாலையைப் போட்டுக்கிட்டு, தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் தும்மிக்கிட்டே இருந்தாரு."

மாசிலாமணி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சராலும் முடியவில்லை.

"மண்பூவால தும்மல் வராது டீச்சர்," என்றார் மாசிலாமணி. "பெரிசாவே பண்ணுங்க."