சோறு போடுபவரே தலைவர்

வேங்கைநாட்டு மன்னர் கீர்த்திசேகரனுக்குச் சட்டம் போடுவதில் அலாதி ஆசை. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போதே ஒரு சட்டம் உதித்தது. “குடும்பத் தலைவருக்குப் பாதி வரி, தனியாளுக்கு முழு வரி!”

வந்தது வினை. செக்காட்டும் செம்பாயியின் மாட்டை முழு வரி கட்டவில்லை என்று வரியதிகாரி திருமேனியார் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவள் அழவில்லை. இறந்துபோன தமக்கையின் மூன்று பிள்ளைகளையும், கால் விளங்காத தகப்பனாரையும் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு, நேரே அரசவைக்கே வந்துவிட்டாள்.

“மகாராசா! அஞ்சு வயிறு என் செக்கை நம்பி இருக்கு. நான் தனியாளா?”

“கழுத்தில் தாலி இல்லை. தாலி இல்லாவிட்டால் புருஷன் இல்லை. புருஷன் இல்லாவிட்டால் குடும்பம் ஏது? முழு வரி கட்டு. இல்லாவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும்” என்றார் திருமேனியார்.

மன்னருக்கு இரக்கம்தான். ஆனால் சட்டம் அவருடையதாயிற்றே! அவையின் கெட்டிக்காரரான கூத்தனைப் பார்த்தார்.

கூத்தன் எழுந்தார். “அதிகாரி சொல்வதே சரி. இவள் தனியாள்தான்.”

“நீங்களுமா ஐயா?” செம்பாயியின் குரல் உடைந்தது.

“பொறு தாயே. அரசே, இவள் தனியாள் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கும் பெரியவருக்கும் யாரும் இல்லை. நாதியற்றவர்களுக்கு அரண்மனைதானே வீடு? இன்று முதல் இவர்கள் இங்கேதான். பிள்ளைகளா, உங்கள் வீடு! விளையாடுங்கள்!”

சொல்லி வாய் மூடவில்லை. கடைக்குட்டி சிங்காதனத்தில் ஏறி மன்னரின் மீசையைப் பிடித்து இழுத்தது. நடுப்பிள்ளை வெண்சாமரத்தால் தளபதியின் மூக்கில் கிச்சுக்கிச்சு மூட்டினான். மூத்தவள் திருமேனியாரின் அங்கவஸ்திரத்தைப் பற்றி, “தாத்தா, பசிக்குது!” என்றாள். வண்டியிலிருந்து பெரியவர், “யாரப்பா அங்கே, எனக்கு வெற்றிலை இடிக்கிறது?” என்று அதட்டினார்.

“போதும்! போதும்!” மன்னர் மீசையை மீட்டுக்கொண்டார். “இது இவள் குடும்பம்தான்!”

“தலைவன் இல்லாத குடும்பமா அரசே?” என்றார் திருமேனியார் விடாமல்.

“உலை வைப்பவர் எவரோ அவரே தலை” என்றார் கூத்தன்.

“அதுவே இனிச் சட்டம்! சோறு போடுபவரே குடும்பத் தலைவர். செம்பாயிக்குப் பாதி வரி. மாட்டை உடனே திருப்பிக் கொடுங்கள்!” என்றார் மன்னர்.

செம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

திருமேனியார் தோளைக் குலுக்கினார். “எனக்கென்ன நஷ்டம்? எனக்கும் பாதி வரிதானே!”

“அதெப்படி?” கூத்தன் கண்ணைச் சிமிட்டினார். “உங்கள் வீட்டில் சோறு போடுவது யார்?”

திருமேனியாருக்கு வியர்த்தது. அவர் வீட்டோடு மாப்பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். மன்னருக்குத்தான் தெரியாது.

“யார் ஐயா?” என்று அதட்டினார் மன்னர்.

“மா... மாமியார், அரசே.”

அவை கொல்லென்று சிரித்தது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார்.

திருமேனியார் கூத்தனின் காதோரம் குனிந்தார். “கூத்தரே, உமக்குப் புண்ணியமாய்ப் போகும். இந்தப் புதுச் சட்டம் என் மாமியாருக்குத் தெரிய வேண்டாம்.”

“நான் ஏன் சொல்லப்போகிறேன்?” என்றார் கூத்தன். “செய்தி அதற்குள் வீதிக்குப் போய்விட்டது. தன் குடும்பக் கணக்கில் உங்களை மகன் என்று எழுதுவதா, பேரன் என்று எழுதுவதா என்று கேட்டுக்கொண்டு அந்த அம்மாள் வாசலில் வந்து நிற்கிறார்.”