நாற்பத்து மூன்றில் ஒரு எலுமிச்சை

கோவை மில் அதிபர் நஞ்சப்பன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நூறு பழங்காலக் கார்கள் நின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கு விடைத்துவிடும். "அச்சு அசல் காரு! அளவு மட்டும்தான் நாற்பத்து மூணுல ஒரு பங்கு!" என்பார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், அவற்றைத் துடைக்கும் செல்லக்கிளி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"பொம்மையெல்லாம் தொடச்சாச்சுங்க மொதலாளி. விஜயதசமிக்கு லீவு வேணுமுங்க, மகளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கோணும்."

"பொம்மையா? நாளைக்கு ஒவ்வொரு காரு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வை. கீறல் விழக்கூடாது. வச்சாத்தான் லீவு!"

எலுமிச்சம்பழத்தை வைத்தால் கார் குட்டிக்கரணம் அல்லவா அடிக்கும்? ஒரு குழந்தை பள்ளியில் சேர இப்படியும் ஒரு நுழைவுத் தேர்வு! செல்லக்கிளி, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பூஜைக்கு வந்த நண்பர்கள் முன்னால் நஞ்சப்பன் அலமாரியைத் திறந்தார். சக்கரத்துக்கு ஒரு கடுகு இருந்தது.

"என்ன இது, கடுகு?"

"எலுமிச்சைங்க. அளவு மட்டும்தான் நாற்பத்து மூணுல ஒரு பங்கு."

"கடுகு எப்படி எலுமிச்சை ஆகும்?"

"அது பொம்மைன்னா இது கடுகுங்க. அது காருன்னா இது எலுமிச்சைதானுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நண்பர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். நஞ்சப்பன் காரைப் பார்த்தார், கடுகைப் பார்த்தார்.

"எலுமிச்சைதான்" என்றார்.

விஜயதசமியன்று செல்லக்கிளியின் மகள் தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதினாள், முழு அளவில்.